எலுமிச்சம்பழத்தின் மேல் இரண்டு கார்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடம். முதலில் என் கண்ணில் பட்டது அத்தையின் காருடைய முன்சக்கரம். அது காரில் இல்லை. வேலிக் கம்பியில் சாய்ந்து நின்றது. அதற்குப் பக்கத்தில், சாலையோரம் விரித்த செய்தித்தாளின் மேல், மாமா கால்களை நீட்டி உட்கார்ந்துகொண்டு காருக்குள் கையை விட்டு எதையோ கழற்றிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விடுமுறைக்குப் பூச்சோங்கிலிருந்து கிள்ளானில் இருக்கும் மாமா வீட்டுக்கு வந்திருந்தேன். மாமா என் அம்மாவின் அண்ணன். துறைமுகத்தில் பாரந்தூக்கி இயந்திரம் ஓட்டினார். அத்தை தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பள்ளி விடுமுறையில் அவருக்கும் விடுமுறை. கார் வேலியோரம் சும்மா நிற்கும். அன்று காலை ஆயுத பூசைச் சாமான் வாங்க ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸ் போயிருந்தார். அங்கே கார் நிறுத்த இடம் தேடுவதைவிட ரயிலில் நின்றுகொண்டு போவது மேல் என்பது அவர் கட்சி.

"அத்தை கார் கெட்டுப்போச்சா மாமா?"

"கெட்டுப்போவுல. அளவு பாக்குறேன். அளவு மட்டும்தான்."

அவர் கையில் வந்தது எண்ணெயும் புழுதியும் அப்பிய ஓர் இரும்புத் துண்டு. பெரிய மாங்காய் அளவு இருக்கும். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துவது இதுதான் என்றார். கேலிப்பர் என்று பெயர் சொன்னார். பிறகு அதைத் துணியில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

உள்ளே, கார் நிறுத்தும் கூரையடியில், அவருடைய மற்றொரு கார் துணி போர்த்தி நின்றது. பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அடர்பச்சை நிறம், இரண்டே இருக்கை, துணிக் கூரை, சைக்கிள் சக்கரம் மாதிரி கம்பி வைத்த சக்கரங்கள். சுபாங் ஜெயாவில் ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கியது. லோரியின் முதுகில் வந்திறங்கிய அந்தக் கார், அதன் பிறகு வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. எஞ்சினை இரண்டாவது வருடமே மாமா ஓடவைத்துவிட்டார். ஓடும், நிற்காது. அதன் கேலிப்பர்கள் துருவேறி இறுகிப் போயிருந்தன. இங்கிலாந்திலிருந்து ஒருமுறை வரவழைத்தார். ஏழு மாதம் கழித்து வேறு காருக்கு உரியவை வந்து சேர்ந்தன. அவை இன்னும் அலமாரியில், அத்தையின் ஊறுகாய்ப் பாட்டில்களுக்குப் பக்கத்தில் இருந்தன.

ஆயுத பூசைக்கு மாமாவின் தாமான் குடியிருப்பில் குருக்கள் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக வருவார். வண்டிகளுக்குச் சந்தனம், குங்குமம், மாலை, கற்பூரம். கடைசியில் சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம். வண்டி அதன் மேல் ஏறி இறங்கினால் பூசை முடிந்தது. இரண்டடி தூரம்தான். யாரும் கதவைக்கூடச் சரியாகச் சாத்தமாட்டார்கள். மாமாவின் பச்சைக் கார் மட்டும் ஐந்து ஆண்டுகளாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தள்ளித்தான் பழத்தின் மேல் ஏறியது. தள்ளுவதற்கு ஆள், முன்னால் செங்கல்லோடு நிற்க ஓர் ஆள், "போதும், போதும்" என்று கத்துவதற்கு ஓர் ஆள். கத்துவது எதிர்வீட்டுச் சீன அங்கிள். அவருக்குத் தெரிந்த இருபது தமிழ்ச் சொற்களில் "போதும்" முக்கியமானது.

அந்த ஆண்டு அத்தை ஒரு நிபந்தனை வைத்திருந்தார். நான் வந்த முதல் நாளே, சோறு போட்டுக்கொண்டே, கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது என்று சொல்லும் அதே குரலில் சொன்னார்.

"இந்த வருசம் அந்தக் கார் பழத்து மேல தானா ஏறணும். தானா நிக்கணும். இல்லனா மறுநாள் பழைய இரும்புக் கடை லோரி வரும். நம்பர் எடுத்து வச்சிருக்கேன்."

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "வரும், வரும்" என்றார். எது வரும் என்று சொல்லவில்லை.

அவருடைய யோசனை தவறானதல்ல. அத்தையின் காரில் இருப்பது போன்ற கேலிப்பர்கள் இந்த ஊரில் தாராளமாகக் கிடைக்கும். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டிய கார்களை இறக்கிப் பிரித்து விற்கும் கடைகள் கிள்ளானில் நிறைய உண்டு. அப்படி ஒரு கடையில் ஒரு ஜோடி சொல்லிவைத்திருந்தார். "வெள்ளிக்கிழமை கன்ஃபர்ம் பாஸ்" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பூசை சனிக்கிழமை. ஆனால் ஸ்போர்ட்ஸ் காரில் அவற்றைப் பூட்டுவதற்கு இடையில் ஒரு இரும்புப் பட்டை செய்யவேண்டும். பட்டைக்கு அளவு வேண்டும். அளவுக்கு ஒரு கேலிப்பர் கையில் வேண்டும். அத்தை காரில் இரண்டு இருந்தன.

செவ்வாய் மதியம் பட்டை தயாரானது. லோரிகளுக்கு வேலை செய்யும் ஒர்க்‌ஷாப் ஒன்றில் வெட்டித் துளையிட்டு வாங்கி வந்தார். பொருத்திப் பார்த்தார். அற்புதமாகப் பொருந்தியது, கேலிப்பரின் ஒரு மூலையைத் தவிர. அந்த மூலை சக்கரக் கம்பியில் உரசியது. அரம் எடுத்து அதை ஓர் அரிசி மணி அளவு ராவினார். ராவியது அத்தையின் கேலிப்பரை என்பது எனக்கு உடனே உறைத்தது. அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

"இனி கழட்டி அத்தை கார்ல மாட்டிருவீங்களா?"

"மாட்டிருவேன். இன்னொரு பக்கமும் பாத்துட்டு."

இன்னொரு பக்கமும் பார்த்தார். பிறகு இரண்டுக்கும் சிவப்புச் சாயம் அடித்தார். கம்பிச் சக்கரத்துக்குள் அந்தச் சிவப்பு தெரிந்த அழகைப் பார்த்த பிறகு அவற்றை மறுபடி கழற்ற அவருக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை வருகிற ஜோடியை அத்தை காரில் போட்டுவிட்டால் ஆயிற்று. புதுசு மாதிரி இருக்கும். அத்தைக்கு லாபம். இதை அவர் எனக்குச் சொன்னபோது நானும் லாபம் என்றே நினைத்தேன். அத்தை திரும்பி வருவதற்குள் அவர் காரின் சக்கரங்களை மாட்டி, மேல்மூடியைத் தட்டிப் பொருத்தினார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே பிரேக் எண்ணெய் சொட்டுகிற குழாய் முனையில் ஒரு போல்ட்டைத் திருகி அடைத்து வைத்தார். அதற்குள் எண்ணெய் முக்கால்வாசி வடிந்துபோயிருந்தது.

"அத்தைகிட்ட சொல்லாத பாப்பா. ஞாயித்துக்கிழமை இந்தக் கார்ல முதல் ரவுண்டு உனக்குத்தான்."

இரண்டே இருக்கை உள்ள காரில் முதல் ரவுண்டு. நான் வாயைத் திறக்கவில்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் மாமா அதிசயமாக நடந்துகொண்டார். அத்தை கேட்பதற்கு முன்பே பாசாருக்குப் போனார். பொரி, கடலை, வாழைக்கன்று, பூசணிக்காய் எல்லாவற்றையும் மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். தேங்காய் இரண்டு போதும் என்றபோது ஐந்து வாங்கினார். மறந்துபோன கற்பூரத்துக்காக இன்னொரு முறை போனார். அத்தை வாசலில் நின்று அவர் போவதைப் பார்த்தார்.

"உங்க மாமாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லையே அத்தை."

"பதினாலு வருசத்துல தானா ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்குனதில்ல."

வியாழன் சாயங்காலம் எதிர்வீட்டுச் சீன அங்கிள் தம் வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே சத்தமாகக் கேட்டார். "மச்சா! பொண்டாட்டி காரும் சர்வீஸா? செவ்வாக்கிழமை நான் பாத்தேன் லா!" மாமா கையை ஆட்டிக்கொண்டே வேகமாக உள்ளே வந்தார். அத்தை அடுக்களையில் மிக்ஸியில் மாவு அரைத்துக்கொண்டிருந்தார். மிக்ஸி சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம்.

ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றுவதில் நான்தான் கால். மாமா சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு குரல் கொடுப்பார். "அமுக்கு... பிடி... விடு." நுனிக்காலால் பெடலை மிதிப்பேன். முதலில் பஞ்சு மாதிரி அமுங்கிய பெடல், இருபதாவது முறையில் கல் மாதிரி நின்றது. மாமா எழுந்து வந்து கையால் அதை அழுத்திப் பார்த்தார். எண்ணெய்க் கையோடு என் தலையைத் தடவினார்.

வெள்ளிக்கிழமை கடைக்காரர் போன் செய்தார். கன்டெய்னர் இன்னும் இறங்கவில்லை, திங்கள் கன்ஃபர்ம் என்றார். அந்தக் கன்டெய்னர் மாமா வேலை செய்கிற துறைமுகத்தில்தான் எங்கேயோ இருந்தது. அவரால் தூக்க முடியாத ஒரே பெட்டி அதுவாகத்தான் இருக்கும்.

அன்று சாயங்காலம் அத்தை குளிக்கப் போன நேரத்தில் மாமா என்னை அத்தையின் காருக்குள் உட்காரவைத்து, இரண்டு இருக்கைக்கும் நடுவே இருந்த ஹேண்ட்பிரேக்கைக் காட்டினார்.

"இது கம்பியில இழுக்குறது. பின்சக்கரத்துல மட்டும் பிடிக்கும். எண்ணெய்க்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நாளைக்கு ரெண்டு காரையும் நானே ஏத்திருவேன். இத வச்சே நிப்பாட்டிருவேன். ரெண்டடி தானே. ஒருவேளை நான் பக்கத்துல இல்லாம யாராச்சும் வண்டியத் தொட்டா, நீ இத இழுத்துரு."

நான் இழுத்துக் காட்டினேன். பட்டனை அமுக்கி இறக்கவும் தெரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை காலை குருக்கள் வந்தார். இறங்கும்போதே, "எனக்கு இன்னும் பதினோரு வீடு இருக்கு" என்றார். அத்தையின் கார் வழக்கமான இடத்தில், வேலியோரம் சாலையில் நின்றது. அந்தச் சாலை, கார் பார்த்து நின்ற திசையில், பெரிய வாய்க்கால் பக்கமாகச் சற்றே சரியும். மழை பெய்து தண்ணீர் ஓடினால்தான் அந்தச் சரிவு தெரியும்.

மாமா வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பச்சைக் காரில் ஏறினார். ஆறு ஆண்டுகளில் முதல் முறையாக அது தானாக வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்து, அத்தையின் காருக்கு முன்னால் நின்றது. பக்கத்து வீடுகளிலிருந்து எல்லாரும் வந்துவிட்டார்கள். தள்ளுகிறவர்கள் தள்ள வேலையில்லாமல் கைகட்டி நின்றார்கள். அத்தை சந்தனக் கிண்ணத்தோடு சக்கரம் சக்கரமாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். பச்சைக் காரின் முன்சக்கரத்தருகே குனிந்தவர் கம்பிகளுக்கு இடையே உள்ளே பார்த்தார்.

"இந்தச் செவப்பு என்ன, புதுசா?"

"ஆமா, புதுசு."

"அழகா இருக்கு" என்றார். கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டுக் கேலிப்பரின் மேலேயே ஒரு பொட்டு வைத்தார். மறுபக்கம் போய் அதற்கும் வைத்தார். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கற்பூரம் காட்டினார்கள். பூசணிக்காய் உடைந்தது. இரண்டு காருக்கும் சக்கரத்துக்கு ஒன்றாகப் பழம் வைத்தார்கள். பச்சைக் கார் உறுமி, பழங்களை நசுக்கி, சரியாக இரண்டடியில், ஆணி அடித்ததுபோல் நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். சீன அங்கிள் பழக்கதோஷத்தில் "போதும்" என்று கத்தினார்.

"நின்னுச்சு பாத்தியா?" என்றார் மாமா அத்தையிடம்.

"நின்னுச்சு" என்றார் அத்தை. "இன்னும் கொஞ்சம் பின்னாடி வாங்க. ரெண்டு காரும் ஒரே படத்துல வரட்டும்."

மாமா உற்சாகமாகப் பின்னால் வந்தார். பிரேக்கின் அருமையைக் காட்ட இரண்டு முறை தேவையில்லாமல் நின்று நின்று வந்தார். இரண்டு கார்களுக்கும் நடுவே நான்கடி இடைவெளி இருந்தபோது அத்தை கையைக் காட்டினார். பிறகு, மாமா இறங்கி வந்து சாவி கேட்பதற்குள், தம் காரின் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்.

"நீ எறங்கும்மா, நானே ஏத்திடறேன்."

"ஏன்? என் வண்டி. வருசா வருசம் நான்தானே ஏத்துறேன்?"

"இல்ல, புடவை கட்டிருக்க..."

"போன வருசம் என்ன கட்டியிருந்தேன்?"

குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தார். மாமா கூட்டத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, இடுப்புக்குப் பக்கத்தில் கையைத் தாழ்த்தி மேலே இழுத்துக் காட்டினார். நான் ஓடிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்து அத்தைக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

"நீ எதுக்கு? எறங்கு."

"நானும் வரேன் அத்தை."

"எறங்குடி."

"மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் லோரி வரும். பச்சைக் கார் போய்விடும். மாமா இனி என் தலையைத் தடவமாட்டார். சொல்லாவிட்டால் அத்தை பிரேக் இல்லாத காரை ஓட்டுவார். நான் ஹேண்ட்பிரேக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சீன அங்கிள் சாலையின் நடுவே நின்று சின்னக் கேமராவால் படம் எடுத்தார். வெளிச்சம் பளிச்சிட்டது.

எஞ்சின் ஓடியது. கார் நகர்ந்தது. 'சளக்' என்று பழங்கள் நசுங்கின. கார் நிற்கவில்லை. அத்தையின் கால் பெடலை மிதித்தது. பெடல் தரை வரை போனது. பச்சைக் காரின் பின்புறம் முன்கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. வெளியே மாமா, "அய்யய்யோ, ஹேண்ட்பிரேக்! ஹேண்ட்பிரேக்!" என்று கத்தினார். நான் இடையில் கையை நீட்டினேன். அங்கே ஏற்கெனவே அத்தையின் கை இருந்தது. அந்தக் கையின் மேல் என் கையை வைத்து இழுத்தேன்.

'டக்' என்று ஒரு சத்தம். கதவை மூடுகிற சத்தத்தைவிடச் சின்னது. பிறகு கார் நின்றது.

அத்தை எஞ்சினை அணைத்து இறங்கினார். புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

"என்னங்க, என் வண்டியில பிரேக் இல்ல."

"இல்லையா?"

"இல்ல. எங்க போச்சு?"

மாமா தம் பச்சைக் காரின் முன்சக்கரத்தைப் பார்த்தார். "அங்க இருக்கு" என்றார்.

முதலில் சிரித்தது சீன அங்கிள். பிறகு மொத்தச் சாலையும். குருக்கள், "பழம் நசுங்கிருச்சும்மா, பூசை நல்லபடியா ஆச்சு" என்று சொல்லி மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

அன்று மதியம் மாமா அதே வெள்ளை வேட்டியோடு சாலையில் படுத்து, சந்தனப் பொட்டு வைத்த சிவப்புக் கேலிப்பர்களைக் கழற்றி அத்தையின் காரில் மாட்டினார். அத்தை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெடலை மிதித்தார். "அமுக்கு... பிடி... விடு." பொரி கடலையை மென்றுகொண்டே மிதித்தார். "பிடிச்சுட்டுத்தான் இருக்கேன், நீங்க எதையும் உருவிட்டுப் போயிறாதீங்க" என்றார். சக்கரத்தடியிலிருந்து மாமாவின் சிரிப்புச் சத்தம் வந்தது. பச்சைக் காரை வழக்கம்போல் நான்கு பேர் தள்ளி உள்ளே விட்டார்கள்.

பழைய இரும்புக் கடை லோரி வரவில்லை. கார் தானாக ஏறியது, தானாக நின்றது. நிபந்தனை அவ்வளவுதானே என்று அத்தையே சொல்லிவிட்டார். திங்கட்கிழமை கன்டெய்னர் இறங்கி, புதிய ஜோடி வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பச்சைக் கார் முதல் ரவுண்டு போனது. இரண்டாவது இருக்கையில் அத்தை உட்கார்ந்திருந்தார், தலையில் துண்டு கட்டிக்கொண்டு. நான் வாசலில் நின்று பார்த்தேன். மாமா வாக்குத் தவறிவிட்டார் என்று அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. வரும்போது எனக்கு ரொட்டி சானாய் வாங்கி வந்தார்கள். அதையும் சாயங்காலம் வரை தொடவில்லை.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையை இப்போதும் தீபாவளிக்குத் தீபாவளி சொல்வார்கள். நான் ஹேண்ட்பிரேக்கை இழுத்து அத்தையைக் காப்பாற்றினேன் என்றுதான் கதை. அம்மா அதை இன்னும் கொஞ்சம் வேகமான கார் வைத்துச் சொல்வார். அத்தை ஒருமுறைகூட மறுத்ததில்லை. "ஆமா, பிள்ளை கெட்டிக்காரி" என்பார். மாமாவும் பச்சைக் காரின் பின்பம்பரில் அன்று விழுந்த ஐம்பது காசு அளவுப் பள்ளத்தைத் தட்டி நிமிர்த்தவே இல்லை. யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லிக் காட்டுவார்.

சென்ற மாதம் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது, சீன அங்கிள் அன்று எடுத்துக் கழுவிக் கொடுத்த படம் கிடைத்தது. ஊறுகாய்ப் பாட்டில்கள் இருந்த அதே அலமாரியில், இங்கிலாந்திலிருந்து தவறி வந்த கேலிப்பர்களுக்கு அடியில் கிடந்தது. கார் நகர்வதற்குச் சில நொடிகளுக்கு முன் எடுத்த படம். பச்சைக் காரின் பின்பகுதி தெரிகிறது. அத்தை காரின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் முழுசாக இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் அத்தை நேரே பார்க்கிறார். நான் கீழே பார்க்கிறேன்.

இரண்டடி ஓட்டத்துக்கு, இரண்டு பேரும் பெல்ட் போட்டிருக்கிறோம்.